வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடத்திட்டம்: எந்த வயதில் தொடங்கலாம்?

பள்ளத்தூர் அம்மா:
வீட்டிலேயே படிக்கிற ரெண்டு பிள்ளைகள். மகளுக்கு ஆறரை, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அரைப் பக்கம் எழுதுறதுக்குள்ள கை வலிக்குதுங்கிறாள். மகனுக்கு ஒன்பது. கதை சொன்னா வாய் ஓயாது, எழுதச் சொன்னா மூணு வரி. "இன்னும் கட்டுரை எழுதப் பழக்கலையா"ன்னு அப்பத்தா கேட்டுக்கிட்டே இருக்காக. இப்பவே ஒரு பாடத்திட்டம் வாங்கி ஆரம்பிக்கலாமா, பத்து வயசு வரைக்கும் பொறுக்கலாமா?

தேவகோட்டை தமிழ் டீச்சர்:
ஆச்சி, மகளுக்குப் பாடத்திட்டம் வேண்டாம், கைப்பழக்கம் மட்டும் போதும். சதுரமும் முக்கோணமும் பார்த்து வரைய வந்தா எழுதத் தொடங்கலாம். அகர வரிசையில போகாதீங்க, அ, இ எல்லாம் வளைவும் சுழியும். ட, ப, ம, ய முதல்ல; பிறகு ர, வ, ல; ஞ, ஐ கடைசியில. கு, சு, டு, து ஒவ்வொண்ணும் ஒரு வடிவம், அதனால உகர வரிசைக்குத் தனியா நாள் ஒதுக்குங்க. கொம்பு எழுத்திலயும் தடுமாறுவாள். "செடி"ன்னு சொன்னா காதுல முதல்ல விழுறது ச, அதனால ச-வை எழுதிட்டுக் கொம்பை எங்க போடுறதுன்னு முழிப்பாள். கொம்புதான் முதல்லன்னு வாயால சொல்லிக்கிட்டே எழுதட்டும்.

கை வலின்னா தாளைத் திருப்பித் தடவிப் பாருங்க. பின்பக்கம் மேடு தட்டினா பென்சிலை அழுத்திப் பிடிக்கிறாள்னு அர்த்தம். ரெண்டு அங்குலத் துண்டுப் பென்சில் கொடுத்தா உள்ளங்கையால பிடிக்க இடமிருக்காது, மூணு விரல்தான் பிடிக்கும். சிலேட்டும் பல்பமும் இன்னும் நல்லது. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். சீப்புச் சீடை உருட்டும்போது அவளையும் உட்கார வைங்க, விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மகன் விஷயம் வேற. அவனுக்கு யோசிக்கணும், பேச்சை எழுத்துத் தமிழா மாத்தணும், பிழையில்லாம எழுதணும், கையும் ஓடணும். நாலும் ஒரே நேரத்துல வந்தா மூணு வரிதான் வரும். பிரிச்சுக் கொடுங்க. முதல் நாள் அவன் சொல்லட்டும், நீங்க அப்படியே எழுதுங்க: "அப்பத்தா சந்தைக்குப் போனாக. கத்திரிக்கா நல்லால்லன்னு வாங்காம வந்துட்டாக." திருத்தாதீங்க. மறுநாள் அதையே புத்தகத்துல வர்ற மாதிரி வாயாலயே மாத்தச் சொல்லுங்க: "அப்பத்தா சந்தைக்குப் போனார். கத்தரிக்காய் நன்றாக இல்லை என்று வாங்காமல் வந்துவிட்டார்." நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் "போனாக"வைப் "போனார்" ஆக்குறதுதான் பெரிய வேலை, வினைமுற்று சரியாயிட்டா பாதி முடிஞ்சது. மூணாம் நாள் அதே வரிகளைச் சொல்வதெழுதுதலா எழுதட்டும்.

உதவியில்லாம ஆறு வாக்கியம் வரிசையாச் சொல்லி, அதையே எழுத்துத் தமிழிலயும் சொல்ல வந்துட்டா பாடத்திட்டத்தை எடுங்க. பெரும்பாலும் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல வரும்.

கானாடுகாத்தான் அப்பா:
டீச்சர் சொன்ன வரிசை சரி. ஆனா எழுத்துப்பிழையைப் பத்து வயசு வரைக்கும் தள்ளாதீங்க. ல, ள, ழ-வை ஒரே மாதிரி பேசுற வீட்டுல காது உதவாது, கண்தான் பழகணும். வாரம் அஞ்சு சொல் போதும்: பல்லி, பள்ளி, அலை, அழை மாதிரி. எழுதி மறைச்சு, மறுபடி எழுதி ஒப்பிட்டுப் பார்க்கணும். ஒற்றுக்கும் ஒரு நேரத்துல ஒரு விதிதான். "கு", "ஐ" உருபுக்குப் பின்னால க, ச, த, ப வந்தா மிகும்: சந்தைக்குப் போனார், பாட்டைக் கேட்டான். இது கைக்கு வந்த பிறகு அடுத்தது.

வீட்டுலருந்தே படிச்சுத் தேர்வு எழுத வழியிருக்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில (NIOS) சேர்க்கிற எண்ணமிருந்தா, அடிப்படைக் கல்வியில மூணு நிலை: 3, 5, 8ஆம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புல சேர 14 வயசு நிறைஞ்சிருக்கணும். அதனால ஒன்பது வயசுல மூணு வரிங்கிறது தாமதமே இல்ல.

பள்ளத்தூர் அம்மா:
சொல்வதெழுதுதல்ல பிழை வந்தா உடனே நிறுத்தித் திருத்தலாமா?

தேவகோட்டை தமிழ் டீச்சர்:
வேண்டாம் ஆச்சி, நடுவுல நிறுத்தினா வாக்கியம் மறந்து போகும். முடிச்சதும் பிழை இருக்கிற வரிக்கு ஓரத்துல ஒரு புள்ளி மட்டும் வைங்க, எதுன்னு அவனே தேடட்டும். கண்டுபிடிக்கலைன்னா சொல்லிட்டு, அந்தச் சொல்லை அடுத்த வாரப் பட்டியல்ல சேருங்க. இருபது தடவை எழுதச் சொல்லாதீங்க. அஞ்சாவது தடவைக்கு மேல எழுத்தைப் பார்க்காமலே எழுதுவாங்க, பிழையும் கூடவே வரும்.