மறதி நோய் கண்ட கூலிக் கொலையாளி: கை மட்டும் மறக்காது என்பது உண்மையா?

வைகைக்கரை வாசகன் (கேள்வி)

எரிக் வான் லோய் இயக்கத்தில் 2003இல் வெளிவந்த ‘டே ஸாக் அல்சைமர்’ என்ற பெல்ஜியப் படத்தைச் சென்ற வாரம்தான் பார்த்தேன். யெஃப் கேரார்ட்ஸ் 1985இல் எழுதிய நாவலைத் தழுவிய படம் அது. ஆண்ட்வெர்ப் நகருக்கு வேலையொன்றை முடிக்க வரும் முதிய கூலிக் கொலையாளி ஆஞ்செலோ லெட்டாவுக்கு அல்சைமர் நோய் தொடங்கிவிட்டது. ஒரு சிறுமியைக் கொல்லச் சொன்னபோது மறுத்துவிட்டு, தம்மை ஏவியவர்களையே அவர் தேடிப் புறப்படுகிறார். யான் டெக்லேரின் நடிப்பில் எனக்குக் குறையே தெரியவில்லை.

எனக்கு இடிப்பது வேறொன்று. பெயரும் முகவரியும் நினைவில் நிற்காத அந்த மனிதர், துப்பாக்கி கைக்கு வந்ததும் பழைய ஆளாகிவிடுகிறார். மறக்கக் கூடாதவற்றைத் தம் கையிலேயே எழுதி வைத்துக்கொண்டு காரியத்தை நடத்துகிறார். லியாம் நீசன் நடிக்க, கதைக்களம் அமெரிக்காவின் எல் பாசோவுக்கு மாற்றப்பட்டு 2022இல் வந்த ஆங்கில மறு ஆக்கத்திலும் இதே கதைதான். இது நோயின் உண்மையான இயல்பா, அல்லது கதை நகர வேண்டும் என்பதற்காக இயக்குநர்கள் எடுத்துக்கொண்ட சலுகையா? நானும் இப்படியொரு பாத்திரத்தை வைத்துக் குற்றக் கதையொன்று எழுதிக்கொண்டிருப்பதால், தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தையற்காரர் மகள்

மருத்துவம் எனக்குத் தெரியாது. என் தந்தை நாற்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவர். கடைசி ஏழு ஆண்டுகள் இந்த நோயோடு இருந்தார். அம்மாவின் பெயர் நாவில் வராத நாள்களிலும், இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோத்து, பாபினை மாட்டி, மிதியை மிதித்து நேர்கோட்டில் தைத்துவிடுவார். அந்த வகையில் நீங்கள் படத்தில் பார்த்தது பொய்யில்லை.

ஆனால் தைப்பது வேறு, சட்டை ஒன்றை முடிப்பது வேறு. இஞ்சு டேப்பால் தோளை அளந்துவிட்டு நோட்டை எடுப்பதற்குள் எண் போய்விடும். மறுபடியும் அளப்பார், மறுபடியும் போய்விடும். ஒருநாள் சட்டைப்பையை முதுகுத் துணியில் தைத்து வைத்திருந்தார். தையலில் ஒரு நூல்கூடக் கோணவில்லை, மூலைகளில் இரட்டைத் தையல் வரை ஒழுங்காக இருந்தது. பைதான் முதுகில் இருந்தது. உங்கள் கொலையாளியும் குறி தப்பாமல் சுடுவார் என்றே நினைக்கிறேன், தவறான வீட்டில்.

கையில் எழுதிக்கொள்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா தனியே தெருவில் இறங்கிவிடாதிருக்க, “வெளியே போக வேண்டாம்” என்று பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவில் ஒட்டியிருந்தோம். அவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்.

மூளைப்பக்கம்

நரம்பியல் பிரிவில் பணியாற்றுகிறேன். மேலே எழுதியவர் பாடநூலில் இருப்பதைத் தம் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்.

அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதிகளையும் முதலில் தாக்குகிறது. புதிய செய்திகளைப் பதிந்துகொள்ள உதவும் பகுதி அதுவாகையால், காலையில் கேட்ட பெயர் மாலையில் இருப்பதில்லை. பழகிய கைத்திறனுக்குப் பொறுப்பான ஆழ்மூளை முடிச்சுகளும் சிறுமூளையும் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. இந்த இரண்டும் தனித்தனி என்பதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த அறுவையில் இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்த அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் மேல் கோடு வரையும்படி நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் கேட்டார். நாளுக்கு நாள் கோடு திருந்தியது. ஆனால் முன்பு அதைச் செய்த நினைவு அவருக்கு இல்லை.

ஆகவே துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் காட்சியை நீங்கள் தயங்காமல் எழுதலாம். நம்ப முடியாதது திட்டமிடும் காட்சிதான்: ஆளைப் பின்தொடர்வது, தப்பும் வழியை மனத்தில் வைத்திருப்பது, எதிர்பாராதது நடந்தால் திட்டத்தை மாற்றுவது. வழி தவறுவது இந்த நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று. தெரியாத ஊருக்கு வந்திறங்கும் கொலையாளிக்கு அதைவிடப் பெரிய இடர் இல்லை. நம் பார்வையாளர்கள் மறதி என்றதும் ‘கஜினி’யின் 15 நிமிடத்தையே நினைக்கிறார்கள். அது அடிபட்டதால் வந்த மறதி; கூடுவதில்லை, குறிப்பை எடுத்துப் படிக்கும் பகுத்தறிவும் கெடுவதில்லை. அல்சைமரில் நோய் முற்ற முற்ற, குறிப்பைப் படித்து அதன்படி நடக்கும் அறிவே தேய்கிறது.

இன்னொரு சிக்கல் காலம். இந்த நோய் ஆண்டுக்கணக்கில் நகர்வது. திகில் கதைக்கோ நாள்கள்தான் தேவை. மைக்கேல் கீட்டன் இயக்கி நடித்த 2023ஆம் ஆண்டுப் படத்தில் கொலையாளிக்கு, மூளையை வேகமாகச் சிதைக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயைக் கொடுத்தது இதனால்தான் என்பது என் ஊகம். மிக அரிதான அந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். கதைக்கு அவசரம் வேண்டுமென்றால் அதுவே நேர்மையான தேர்வு.

நீதிமன்ற வாசல்

இவ்வகைக் கதைகளில் எல்லோரும் கொலையாளியின் மூளையையே பார்க்கிறார்கள். என் பார்வை அவரைப் பிடித்த பிறகு நடப்பதில்தான் நிற்கிறது. தாம் செய்த கொலை நினைவில் இல்லாத ஒருவரைத் தண்டிக்கலாமா என்ற கேள்வி கற்பனையில்லை. 1985இல் அலபாமாவில் காவலர் ஒருவரைக் கொன்ற வெர்னன் மேடிசன், மரண தண்டனைக் கைதியாக இருந்தபோது பக்கவாதங்களால் மூளைத் தேய்வுக்கு ஆளானார். குற்றமே தமக்கு நினைவில்லை என்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில், குற்றம் மறந்துபோனது என்பது மட்டுமே தண்டனையைத் தடுத்துவிடாது என்றது. ஆனால் தமக்கு ஏன் அந்தத் தண்டனை என்பதைப் பகுத்தறிந்து புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு மூளைத் தேய்வு முற்றியிருந்தால் அது தடையாகலாம் என்றும் சொன்னது. வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்குப் போனது. 2020இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

இதற்கு நேர்மாறான ஆளும் இருந்திருக்கிறார். நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா குடும்பத் தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே, குளியலங்கியும் செருப்புமாக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கிரீன்விச் வில்லேஜ் தெருக்களில் பல ஆண்டுகள் நடந்தார். 1997இல் தண்டிக்கப்பட்ட பிறகும் நாடகம் தொடர்ந்தது. 2003இல்தான் அத்தனையும் நடிப்பு என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்படி ஒருவரைப் பார்த்துப் பழகிய காவல்துறை, உண்மையாகவே மறந்த கிழவர் ஒருவரை எப்படி நம்பும்? உங்கள் கதையின் முடிச்சை நான் அங்கேதான் போடுவேன்.

ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. நீங்கள் குறிப்பிட்ட 2022ஆம் ஆண்டுப் படத்தில் கொலையாளியைத் துரத்தும் எஃப்.பி.ஐ. அதிகாரியாக வரும் கை பியர்ஸ்தான், 2000இல் ‘மெமென்டோ’வில் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்ட மறதிக்காரராக நடித்தவர்.

வைகைக்கரை வாசகன்

மூவருக்கும் நன்றி. கையில் எழுதிப் பார்க்கும் காட்சி என் வரைவில் நான்கு இடங்களில் வருகிறது. மூன்றை எடுத்துவிடப் போகிறேன். மீதமுள்ள ஒன்றில், எழுதியதைப் படித்துவிட்டு அதற்கு மாறாக நடப்பார். தையற்காரர் மகளிடம் ஒன்று கேட்க வேண்டும், தவறாக எண்ண வேண்டாம். முதுகில் பை வைத்த அந்தச் சட்டையைக் காட்டியபோது உங்கள் தந்தை என்ன சொன்னார்?

தையற்காரர் மகள்

இதில் தவறாக எண்ண ஒன்றுமில்லை. வாங்கித் திருப்பிப் பார்த்தார், தையலை விரலால் தடவினார். “நல்ல கைக்காரன்தான், ஆனால் யாரோ புதுப் பையன் தைத்திருக்கிறான், அவனைக் கடையில் வைத்துக்கொள்ளாதே” என்று என்னிடம் சொன்னார். அதில் நடிப்பு துளியும் இல்லை. உங்கள் கொலையாளியை விசாரிக்கும் அதிகாரி பிணத்தின் படத்தை மேசைமேல் வைக்கும் இடம் வரும் அல்லவா, அங்கே வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.