புதுப்பிப்பு: கிளிமஞ்சாரோ தலைவலிக்கு எது கைகொடுத்தது

ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏற ஐந்து நாள் மராங்கு பாதையா, ஏழு நாள் மச்சாமே பாதையா, உயரத்தில் வரும் தலைவலியை எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மலையின் 5,895 மீட்டர் உஹுரு உச்சியைத் தொட்டுவிட்டேன்!

"பகலில் மேலே ஏறி, இரவு கீழே இறங்கித் தூங்குங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அதற்காகவே மச்சாமேயைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாம் நாள், சுமார் 4,600 மீட்டரில் லாவா டவர் என்ற பாறைக் கோபுரத்தை எட்டியபோது தலை விண்விண்ணென்று தெறித்தது. அன்றே 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்குள் வலி போய்விட்டது.

எதிர்பாராதது ஒன்று: உச்சிக்கு ஏறும் இரவில் தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிட்டது. தலைகீழாக வைத்திருந்த பாட்டில்தான் காப்பாற்றியது. ஐஸ் மேற்பக்கம் கட்டுவதால் வாய் அடைபடவில்லை. அப்புறம், இறங்குவதற்கு முன் கால் நகங்களை வெட்டிவிடுங்கள். நான் வெட்டவில்லை, இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன.