90 டிகிரியில் உட்கார்ந்தால் முதுகுவலியே வராதாமே?

அச்சுக்கோப்பு:
வீட்டில் கணினி மேசை போடுவது பற்றி நேற்று வேறொரு இழையில் 'ராஜபாளையம்' எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முழங்கால் 90, இடுப்பு 90, முழங்கை 90 என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் ஆயுசுக்கும் முதுகுவலி வராதாம். 22 வருடமாக சிவகாசியில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். காலண்டர் சீசனில் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஆறு வருடம் இதே 90-ல்தான் விறைப்பாக உட்கார்ந்தேன். காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் போன பிறகுதான் சாய்மானத்தைப் பின்னால் தள்ளினேன். 2006-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். உடம்புக்கும் தொடைக்கும் இடையே 135 டிகிரி இருந்தபோதுதான் முதுகெலும்புத் தட்டுகள் (டிஸ்க்) குறைவாக நகர்ந்தன. 90 தப்பு. அவ்வளவுதான்.

ராஜபாளையம்:
பெயர் சொல்லி இழுத்ததற்கு நன்றி. அந்த 22 பேரும் முதுகுவலி இல்லாதவர்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கருவிக்குள் உட்கார்ந்தார்கள், கீபோர்டு தட்டவில்லை. 135-ல் சாய்ந்துகொண்டு நீங்கள் மானிட்டரைப் பார்க்கிறீர்களா, மின்விசிறியைப் பார்க்கிறீர்களா? கழுத்தை முன்னால் நீட்டித்தானே ஆக வேண்டும்? இடுப்பைக் காப்பாற்றிப் பிடரியைக் கெடுப்பதற்குப் பெயர் வைத்தியமா?

செல்வி_திருப்பூர்:
டிகிரியை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள் சார். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. மேசைக்கு ஏற்ற மாதிரி நாற்காலியை உயர்த்தினால் கால் தரையில் படாது, நாற்காலி விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தி சாயங்காலம் கால் மரத்துவிடும். மாமியாரின் பழைய மணைப்பலகையைக் காலுக்கு அடியில் போட்ட பிறகுதான் சரியானது. லேப்டாப்பை இரண்டு பேரேடு மேல் தூக்கி வைத்து, தனி கீபோர்டு வாங்கிவிட்டேன். இல்லையென்றால் திரை சரியாக இருந்தால் கை கெடும், கை சரியாக இருந்தால் கழுத்து கெடும்.

அச்சுக்கோப்பு:
மணைப்பலகை நல்லதுதான் மேடம். ஆனால் கேள்வி 90 பற்றி. 1970-களிலேயே ஸ்வீடனில் நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவரின் குழுவினர் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செருகி அழுத்தத்தை அளந்தார்கள். சாய்மானம் பின்னால் போகப் போக அழுத்தம் குறைந்தது. இதற்குப் பதில் சொல்லட்டும்.

ராஜபாளையம்:
சொல்கிறேன். 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழு மறுபடி அளந்தபோது, சாதாரணமாக உட்கார்வதில் நிற்பதைவிட அழுத்தம் அதிகமில்லை என்று வந்தது. உட்கார்ந்தாலே தட்டு நசுங்கும் என்று இருபது வருடமாக பயமுறுத்துகிறீர்கள்.

அச்சுக்கோப்பு:
அது ஒரே ஒரு ஆளின் முதுகில் அளந்தது! என் 22 பேர் போதாது, உங்களுக்கு ஒருத்தர் போதுமா? யு.பி.எஸ். இழையிலும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள். பேட்டரி பற்றி நான் சொன்னதே கடைசியில் நடந்தது, ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டீர்களா?

ராஜபாளையம்:
யு.பி.எஸ்.ஸை ஏன் இங்கே கொண்டு வருகிறீர்கள்? பதில் இல்லை என்றால் பழைய கணக்கா?

மூன்றாம்மாடி:
ரெண்டு பேரும் நாற்காலியிலேயே நிற்கிறீர்கள். எனக்கு வலி மணிக்கட்டில். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறேன்.

அச்சுக்கோப்பு:
தமிழ்99 கீபோர்டு முறைக்கு மாறுங்கள் தம்பி. 'அம்மா' அடிக்க நாலு தட்டு போதும், புள்ளி தானாக விழும். உங்கள் முறையில் ஐந்து. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில், வேலை இரண்டு கைக்கும் பங்காகிறது. 1999-ல் வந்தது, இன்னும் ஆட்கள் ஆங்கில எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

மூன்றாம்மாடி:
வேலையில் பாதி ஆங்கிலம் அண்ணே. ரெண்டு கீபோர்டு அமைப்பை மனசில் வைத்துக்கொண்டு யார் அடிப்பது? தமிழ்ப்பற்று இருந்தால் மணிக்கட்டு சரியாகிவிடுமா?

அச்சுக்கோப்பு:
பற்று என்று நான் சொல்லவே இல்லை. தட்டு எண்ணிக்கை சொன்னேன்.

செல்வி_திருப்பூர்:
தம்பி, கீபோர்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு குட்டிக் காலையும் மடக்கிவிட்டுப் பாருங்கள். மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக நிற்கும். அப்புறம் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்தில் வைக்காதீர்கள், இன்னும் கீழே இறக்குங்கள். கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கி எனக்குப் பிடரி ஒரு மாதம் பிடித்திருந்தது.

ராஜபாளையம்:
கேட்டீர்களா அச்சுக்கோப்பு? பிடரி. நான் முதலில் சொன்னது அதைத்தான்.

அச்சுக்கோப்பு:
அவர் சொன்னது கண்ணாடி பற்றி, சாய்மானம் பற்றி இல்லை. சாய்ந்து உட்கார்ந்தால் மானிட்டரையும் கொஞ்சம் அண்ணாந்த மாதிரி சாய்த்து, கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்து வைக்க வேண்டும். கழுத்து நீளாது. எனக்கு 135 கூட வேண்டாம், 110-ல் உட்கார்கிறேன்.

ராஜபாளையம்:
ஆக 135-ம் தப்பு!

அச்சுக்கோப்பு:
90 தப்பு என்றுதான் முதல் பதிவிலேயே சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. நாளை என் மேசையைப் படம் எடுத்துப் போடுகிறேன், கோணமானியோடு.

ராஜபாளையம்:
போடுங்கள். யு.பி.எஸ். தெரிகிற மாதிரி போடுங்கள்.