டாஃபோடில் பூவும் தெர்மாமீட்டரும்: ‘கேரி ஆன் நர்ஸ்’ படம் உங்களுக்கு எப்படி அறிமுகமானது?

நான் இங்கிலாந்தில் முதியோர் வார்டு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். வந்த முதல் மார்ச் மாதம் நடந்தது இது. மார்ச்சில் இங்கே மேரி கியூரி தொண்டு நிறுவனத்துக்குக் காசு போட்டால் மஞ்சள் டாஃபோடில் பூ வடிவில் ஒரு பின் தருவார்கள். கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற அமைப்பு, 1986-இலிருந்து இந்தப் பூ வழக்கம் இருக்கிறது. நானும் ஒன்று வாங்கி அடையாள அட்டைப் பட்டையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தாத்தா, எண்பதைத் தாண்டியவர், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டும் வந்தபடியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, மகள் வந்தால்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நான் காதில் வைக்கும் தெர்மாமீட்டரோடு பக்கத்தில் போனதும் என் கையைப் பார்த்தார், பின்னைப் பார்த்தார், “அந்தப் பூவை வைத்துப் பார்க்கமாட்டீர்கள்தானே?” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார், எதிர்க் கட்டில்காரரும் அடுத்த கட்டில்காரரும் சேர்ந்துகொண்டார்கள், ஒருவருக்குத் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீனியர் நர்ஸ்தான் அப்புறம் படத்தின் பெயரைச் சொல்லி, பார்த்துவிட்டு வா என்றார்.

அன்றிரவே பார்த்தேன். 1959-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், ஜெரால்ட் தாமஸ் இயக்கியது, அந்த வருடம் பிரிட்டனில் வசூலில் முதலிடம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். கை உடைந்த குத்துச்சண்டைக்காரர், எப்போதும் புத்தகத்தில் மூழ்கியிருக்கும் அணு இயற்பியல் மாணவர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலிலேயே இசைக்குழு நடத்துபவர். தனி அறையில் ஒரு கர்னல், குதிரைப் பந்தயப் பைத்தியம், சும்மா சும்மா மணி அடித்து நர்ஸ்களை ஓடவிடுவார். கடைசியில் நர்ஸ்கள் வெப்பம் பார்க்கிறோம் என்று அவரைக் குப்புறப் படுக்கவைத்து, தெர்மாமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் டாஃபோடில் பூவைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ், உள்ளே வந்து பார்த்துத் திகைக்க, வெப்பம் பார்ப்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா என்று கர்னல் கேட்கிறார். நிறையப் பார்த்திருக்கிறேன், டாஃபோடிலில் பார்த்ததில்லை என்கிறார் மேட்ரன்.

எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு. கால் பெருவிரல் மூட்டில் புடைப்போடு வந்த ஒருவருக்கு ஆபரேஷன் தள்ளிப்போகிறது, அவருக்கோ காதலியோடு ஊருக்குப் போகிற அவசரம், ராத்திரியில் எல்லாரும் சாம்பெயின் குடித்துவிட்டு நாமே செய்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். புத்தகம் படிக்கிற மாணவர்தான் சர்ஜன், நடித்தவர் கென்னத் வில்லியம்ஸ். சிரிப்பூட்டும் வாயு கசிந்து அறை முழுக்கச் சிரிப்பு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் காத்துக் கிடக்கிற நோயாளியின் எரிச்சல் அதில் அப்படியே இருக்கிறது. ஆபரேஷன் இன்றைக்கா நாளைக்கா என்று மணிக்கொரு தரம் கேட்கிற முகங்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். திரைக்கதை எழுதிய நார்மன் ஹூடிஸின் மனைவி நர்ஸ், அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாராம். சிறுநீர் எடுக்கும் ரப்பர் குழாயை, கத்தீட்டரை, அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டு மறந்துபோய்க் கருகவிடும் பயிற்சி நர்ஸ் காட்சி, வேலை பார்த்தவர் சொல்லாமல் எப்படி வந்திருக்கும்?

உங்களுக்கும் இந்த மாதிரி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, எங்கள் வீட்டில் இந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது. என் பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து 1960களின் முடிவில் இங்கே தாதிப் பயிற்சிக்கு வந்தவர். ஒரு விடுமுறை நாள் பின்னேரம் டிவியில் இது போனது, நடிகை ஹாட்டி ஜேக்ஸ் மேட்ரனாக வார்டுக்குள் நுழைகிற காட்சி வந்ததும் சோபாவில் சாய்ந்திருந்த பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சேலையையும் சரிசெய்தார்! நாங்கள் சிரித்தோம், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். மேட்ரன் ரவுண்ட் வருமுன் கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேணும், தலையணை உறையின் திறந்த வாய் கதவுப் பக்கம் தெரியக் கூடாது, விரிப்பின் மூலை மடிப்பு அளவு பிசகக் கூடாது. ஊரில் இருந்து வந்த முதல் குளிர்காலத்தில் மூலை மடிப்புப் பிழைத்ததற்காக ஒரே கட்டிலை நாலு தரம் கழற்றிப் போட்டாராம், அழுதுகொண்டே. ஆனால் அதே மேட்ரன்தான் பெரியம்மாவின் தகப்பன் இறந்த தந்தி வந்த அன்று தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்தவராம். “படத்தில் வாற மனுசி சும்மா கத்துற மாதிரி இருக்கும், கண்ணைப் பார், கனிவு தெரியும்” என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் கண்ணைத்தான் பார்க்கிறேன், உண்மை.

ஹாட்டி ஜேக்ஸ் இந்தக் ‘கேரி ஆன்’ பட வரிசையில் 1967, 1969, 1972 என்று இன்னும் மூன்று படங்களில் மருத்துவமனை மேட்ரனாக வந்தார். ஆனால் வெளியே அந்தப் பதவியே கரைந்துகொண்டிருந்தது, 1966 சால்மன் அறிக்கை தாதியர் நிர்வாகத்தையே மாற்றிவிட்டது. 2001-இல் மேட்ரன் என்ற பெயரை அரசாங்கம் திரும்பக் கொண்டுவந்தபோது பேப்பர்களில் எல்லாம் இந்த நடிகையின் பெயர்தான். பெரியம்மா அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

*

நான் டாக்டர் பக்கம். லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தபோது தூண்கள் நிற்கும் அந்த முகப்பைத் தினமும் கடந்து போவேன், 1954-இல் வந்த ‘டாக்டர் இன் த ஹவுஸ்’ படத்தில் செயின்ட் ஸ்விதின்ஸ் மருத்துவமனையாக அதைத்தான் காட்டினார்கள் என்பது மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. இரண்டு படங்களும் ஒரே குடும்பத்துச் சொத்து மாதிரி. இதை இயக்கியவர் ரால்ஃப் தாமஸ், கேரி ஆன் இயக்கிய ஜெரால்டின் அண்ணன். இதன் தயாரிப்பாளர் பெட்டி பாக்ஸ், அதன் தயாரிப்பாளர் பீட்டர் ரோஜர்ஸின் மனைவி. கதையை எழுதிய ரிச்சர்ட் கார்டன் மயக்க மருந்து டாக்டராக இருந்தவர்.

அதில் சர் லான்சலாட் ஸ்ப்ராட் என்ற சர்ஜன், ரவுண்டில் ஒரு மாணவனைப் பார்த்து “பிளீடிங் டைம் என்ன?” என்று அதட்டுவார். ரத்தக் கசிவு நிற்க எத்தனை நேரம் என்பது கேள்வி, ஆனால் பிளீடிங் என்பது ஆங்கிலத்தில் வசவுச் சொல்லும்கூட. மாணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து “பத்து பத்து, சார்” என்பான். எங்கள் வார்டு ரவுண்டில் ஒரு வயதான கன்சல்டன்ட், எங்கள் மூத்த டாக்டர், இதே கேள்வியை இதே தொனியில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஆறு பேர் நின்றோம், எல்லாருக்கும் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கட்டிலில் படுத்திருந்த பாட்டி, ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, “பத்து பத்து, டாக்டர்” என்றார். கன்சல்டன்ட் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டியின் பரிசோதனை முடிவு அன்று நல்லதாக வரவில்லை, அதைச் சொல்லத்தான் நாங்கள் போயிருந்தோம். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

*

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பெரியம்மா கதை எழுதியவருக்கு: அந்தத் தலையணை உறை விஷயம் எங்கள் வார்டில் ஒரு பழைய நர்ஸ் இன்னமும் பார்ப்பார், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தத் தாத்தா பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் படம் பார்த்துவிட்டேன் என்று சொன்னதும் தானாகப் பேச ஆரம்பித்தார். 1959-இல் அவர் காதலித்துக்கொண்டிருந்த பெண் பயிற்சி நர்ஸாம், லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தார்களாம். பூ காட்சிக்குத் தியேட்டரே அதிர்ந்ததாம், அந்தப் பெண் மட்டும் கத்தீட்டர் கருகியபோதே சிரித்து முடித்துவிட்டாராம், முந்தின வாரம்தான் அவரும் ஒன்றைக் கருகவிட்டிருந்தார். அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டார். இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று மதியம் சூப் குடித்தார். பின்னை அவருக்குக் கொடுத்தேன், பைஜாமா சட்டையில் குத்திக்கொண்டு வாக்கரைப் பிடித்துக் கழிப்பறை வரை நடந்தார்.