மேய்ச்சல் தரிசில் ஆவாரையும் விராலியும் நட்டால் மண்ணில் எது மாறும்?

அடிவாரத்து உழவர்:
அனைவருக்கும் வணக்கம். பழனிமலையின் வடக்கு அடிவாரத்தில், ஆயக்குடிப் பக்கம், எங்கள் குடும்பத்துக்கு மானாவாரிச் செம்மண் தரிசு உள்ளது. தாத்தா காலம் முதல் ஆடுமாடுகள் மேய்ந்துவருவதால் புல் அற்று, மேல்மண் இறுகி, ஐப்பசி மழைநீர் உள்ளே இறங்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடையில் சேர்கிறது. ஆடு அதிகம் கடிக்காத புதர்ச்செடிகளான ஆவாரையையும் விராலியையும் நட எண்ணியுள்ளேன். இவை மண்ணில் எதை மாற்றும், எதை மாற்றாது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மண்ணியல் மாணவி:
ஐயா, குளம்பு மிதிப்பதால் மண்ணின் பெரிய துளைகள் நசுங்கி, பருமன் அடர்த்தி (ஒரு குறிப்பிட்ட கன அளவு மண்ணின் எடை) கூடி, நீர் ஊடுருவும் வேகம் குறைகிறது. புதர் வளர்ந்த இடத்தில் மடிந்த வேர்கள் விட்டுச்செல்லும் வழிகளும், சருகைத் தேடி வரும் கரையான்கள் குடையும் துளைகளும் நீரை மீண்டும் உள்ளே விடுகின்றன. மழைத்துளியின் அடியைக் கிளைகளும் சருகும் தாங்கிக்கொள்வதால் மேலே பொருக்குக் கட்டுவதும் குறைகிறது. கரிமப்பொருள் கூடுவது பெரும்பாலும் மேல் 15 செ.மீ. ஆழத்துக்குள், அதுவும் செடி கவிந்திருக்கும் வட்டத்துக்குள்தான். இரண்டு செடிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் நெடுங்காலம் பழைய நிலையிலேயே கிடக்கலாம். மேலும், புதரடியில் சேரும் சத்தில் ஒரு பகுதி, சுற்றியுள்ள நிலத்திலிருந்தே காற்றும் நீரும் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே புதரடியில் மட்டும் மாதிரி எடுத்து, நிலம் முழுவதும் வளம் கூடிவிட்டதாகக் கணக்கிட வேண்டாம்.

கோத்தகிரிக்காரர்:
ஆவாரை பயறுவகைக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) மண்ணில் சேர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்தச் சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் வாழும் முடிச்சு அதன் வேரில் உண்டாவதில்லை. விராலி பயறுவகையே அன்று. கொழுஞ்சிக்கும் வேலிமசாலுக்கும் முடிச்சு உண்டு என்பதால் அவற்றையும் கலந்து விதையுங்கள். வேலிமசாலை ஆடு விரும்பித் தின்னும், காவல் வேண்டும். மணிச்சத்தையோ (பாஸ்பரஸ்) எந்தச் செடியும் காற்றிலிருந்து எடுக்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் மசினகுடிப் பக்கம் சாணத்தைத் திரட்டி விற்பது வழக்கம். அந்த நிலத்துக்குத் திரும்ப வேண்டிய சத்து அப்படியே வெளியேறிவிடுகிறது. உங்கள் தரிசில் விழும் சாணத்தை விற்காதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புதர் நடும் இந்த யோசனை வறண்ட அடிவாரத்துக்கு மட்டுமே பொருந்தும். நீலகிரியின் சோலைப் புல்வெளிகளில் வெளிநாட்டுச் சீகை மரமும் (வாட்டில்) ஸ்காட்ச் புரூம் புதரும் பரவிப் புல்லை ஒடுக்கியிருப்பதைப் பார்த்து வருந்துகிறவன் நான்.

அடிவாரத்து உழவர்:
மிக்க நன்றி. ஆடு தின்னாத செடி என்றால் மேய்ச்சலை நிறுத்தாமலே நடலாமா?

மண்ணியல் மாணவி:
வேண்டாம், ஐயா. செடியைக் கடிக்காவிட்டாலும் ஆடுகள் இடைநிலத்தை மிதித்துக்கொண்டேதான் இருக்கும். சில ஆண்டுகளுக்காவது முள்வேலி போட்டு அடையுங்கள். வேலிக்குள் ஒரு பகுதியை எதுவும் நடாமல் விட்டுவையுங்கள். அங்கும் புல் எழுந்து மண் பொலபொலப்பானால், அந்த அளவுக்குப் பயன் தந்தது நடவு அன்று, மேய்ச்சலை நிறுத்தியதே என்று தெரியும். நடுவதற்கு முன்பே புதர் வரப்போகும் இடம், இடைவெளி, நடாத பகுதி, வேலிக்கு வெளியே என நான்கிலும் 15 செ.மீ. ஆழம் வரை தனித்தனியாக மாதிரி எடுத்து, கரிமச்சத்தைச் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அதே பருவத்தில், அதே ஆழத்தில் எடுக்க வேண்டும்.