முதல் டூம் ரைடர்: 15 நிலைகளுக்கும் இன்று மதிப்பெண் இட்டால் எது மேலே ஏறும், எது கீழே இறங்கும்?

கல்கதவு எழுதியது:

வணக்கம். டெர்பி நகரத்து கோர் டிசைன் நிறுவனம் 1996இல் வெளியிட்ட முதல் டூம் ரைடர் (Tomb Raider) வீடியோ விளையாட்டை, 2024 பிப்ரவரியில் வந்த புதுப்பித்த தொகுப்பில், பெருவின் குகைகளில் தொடங்கி இறுதிப் பிரமிடு வரை ஒரு நிலையையும் (லெவல்) விடாமல் மீண்டும் ஆடி முடித்தேன். தொடங்கும் முன்பே, நினைவில் இருந்ததை மட்டும் வைத்து 15 நிலைகளுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் மதிப்பெண் எழுதி வைத்திருந்தேன். முடித்தபின் புதிதாக இட்ட மதிப்பெண்களை அதற்குப் பக்கத்தில் எழுதியபோது, இரண்டு நிலைகளில் எனக்கே நம்ப முடியாத வேறுபாடு தெரிந்தது.

ஒன்று, லாஸ்ட் வேலி. நினைவில் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தேன். இப்போது 7 தான் கொடுக்க முடிந்தது. டைனோசர் எங்கிருந்து வரும் என்பது தெரிந்துவிட்ட பிறகு மிஞ்சுவது, மூன்று பற்சக்கரங்களைத் தேடி எடுத்துவந்து, அருவியின் நீரைத் திருப்பிவிடும் பொறியில் மாட்டுகிற வேலை மட்டுமே. மற்றொன்று, தி சிஸ்டர்ன். அலுப்பூட்டும் நீர்த்தொட்டி என்று அதற்கு 5 கொடுத்திருந்தவன் இப்போது 9 கொடுத்திருக்கிறேன். ஒரே கூடத்தில் நீரை நிரப்பினால் ஓர் இடமாகவும் வடித்தால் வேறோர் இடமாகவும் மாறுவதையும், எந்தச் சாவியை எந்த நீர்மட்டத்தில் எடுக்க வேண்டும் என்று நம்மை ஓரிடத்தில் நின்று யோசிக்க வைப்பதையும் சிறுவயதில் நான் கவனிக்கவே இல்லை.

மீண்டும் ஆடியவர்களிடம் இரண்டு கேள்விகள். உங்கள் தாளில் எவை ஏறின, எவை இறங்கின? வியப்பு ஒருமுறைதான் வாய்க்கும் என்பதற்காக ஒரு நிலையின் மதிப்பெண்ணைக் குறைப்பது முறையாகுமா?

நீலப்படிகம் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அன்று நீங்கள் ஆடியது கணினியிலா, பிளேஸ்டேஷனிலா? கணினிப் பதிப்பில் நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனிலும் செகா சாட்டர்ன் என்ற அக்கால விளையாட்டுக் கருவியிலும் ஆங்காங்கே மிதக்கும் படிகங்களைத் தொட்டால்தான் சேமிக்க முடியும். ஒரு படிகம் ஒரு முறைக்குத்தான். என் பெயரைப் பார்த்தே நான் எந்தப் பக்கம் என்று ஊகித்திருப்பீர்கள்.

இது சிறிய வேறுபாடு அன்று. செயின்ட் ஃபிரான்சிஸ் ஃபாலியில் உள்ள அந்த உயர்ந்த செங்குத்துக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நின்று பார்த்தால் அடித்தளம் இருளில் மறைந்திருக்கும். சுவரோரத் திட்டுகளில் தாவித் தாவி இறங்கி, லீவர்களை இழுத்து, நான்கு அறைகளின் கதவுகளைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் சேமித்துக்கொள்பவருக்கு அது அழகான கட்டடம். முந்தைய படிகத்தை அரை மணி நேரத்துக்கு முன்னால் செலவழித்துவிட்டு வந்தவருக்கு அதே கூடம், விளிம்பு வரை நடந்து, ஒரு எட்டு பின்வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தாவ வேண்டிய இடம். இருவரும் ஒரே நிலைக்கு மதிப்பெண் இடுகிறார்கள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் அன்று 10 கொடுத்தேன். புதிய பதிப்பில் எங்கு வேண்டுமானாலும் சேமித்துக்கொண்டே இறங்கியபோது 8 தான் கொடுக்கத் தோன்றியது.

லாஸ்ட் வேலிக்கு நீங்கள் கொடுத்த 7 அநீதி. டைனோசர் வந்து நிற்பது மட்டுமே அந்த நிலையின் சிறப்பு அன்று. அதற்கு முந்தைய இரண்டு நிலைகளிலும் ஓநாய்களும் வௌவால்களும் கரடிகளும்தான். இசையும் பெரும்பாலும் இல்லை, காலடி ஓசைதான் துணை. பிறகு பள்ளத்தாக்கு விரிகிறது, சிறிய டைனோசர்கள் ஓடி வருகின்றன, அவற்றைச் சுட்டு வீழ்த்தியதும் ஆபத்து முடிந்தது என்று நாம் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதிதான் பொறி. பெரியது அதன் பிறகே வருகிறது. வியப்பு தீர்ந்த பிறகும் இந்த அடுக்குமுறையைப் பார்த்து ரசிக்க முடிகிறதே. தெரிந்த கதையை நாம் திரும்பக் கேட்பதில்லையா? என் மதிப்பெண் 9.

வௌவால்குகை எழுதியது:

எல்லோரும் ஃபிரான்சிஸ் ஃபாலியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதால், மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். கூடம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள நான்கு அறைகளும் ஒரே தரத்தில் இல்லை. தலைக்கு மேல் வாள்கள் தொங்கும் டமோக்ளஸ் அறை மட்டுமே முழுமையானது. உள்ளே போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்த வாள்கள், சாவியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது விழத் தொடங்குகின்றன. அட்லஸ் அறை ஓர் உருளும் பாறையோடு முடிந்துவிடுகிறது. நெப்டியூன் அறையில் மூச்சடக்கி நீந்துவதைத் தவிர வேறொன்றும் இல்லை. போதாததற்கு, கிரேக்க மண்ணில் ரோமானியக் கடவுளான நெப்டியூனும், நான்காவது அறைக்குப் பெயர் தந்த வடபுலத்துக் கடவுள் தோரும் எப்படிக் குடியேறினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2007இல் வந்த ஆனிவர்சரி மறுவாக்கத்தில் நெப்டியூனை பொசைடனாகவும் தோரை ஹெஃபைஸ்டஸாகவும் மாற்றினார்கள் என்றால், அதை உருவாக்கியவர்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது என்றுதானே பொருள்?

என் முதலிடம் பேலஸ் மைடாஸுக்கு. ஐந்து லீவர்கள் உள்ள அறையில், எதை மேலே வைப்பது எதைக் கீழே இறக்குவது என்ற விடையைக் கதவுகளுக்கு மேலேயே குறிகளாகத் தந்துவிட்டு, பார்க்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று ஈயக் கட்டிகளைக் கொண்டுவந்து, தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற பழங்கதை அரசன் மைடாஸின் சிலையின் உடைந்த கையில் வைத்தால் அவை பொன்னாகின்றன. அந்தக் கையின் மேல் ஏறி நின்றால் நாம் ஆட்டுவிக்கும் நாயகி லாராவே பொன்னாகிவிடுகிறாள்; ஆட்டம் முடிந்தது. எந்த எச்சரிக்கையும் கிடையாது. பழங்கதை தெரிந்தவன் ஏறமாட்டான், தெரியாதவன் ஏறித் தெரிந்துகொள்வான். பத்துக்குப் பத்து.

நாட்லாஸ் மைன்ஸ் நிலையைப் பலர் கடைசி வரிசையில் தள்ளுவதும் எனக்குப் புரியவில்லை. துப்பாக்கிகளைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு நம்மை இறக்கிவிடும் துணிச்சலுக்காகவே 8 கொடுப்பேன்.

எட்டுச்சதுரம் எழுதியது:

ஒரு சொல் மட்டும் சேர்க்கிறேன். இந்த ஆட்டத்தின் உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள சதுரங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு சதுர இடைவெளி, ஓடித் தாவினால் இரண்டு, ஓடித் தாவிக் கைகளால் விளிம்பைப் பற்றினால் மூன்று. இந்தக் கணக்கு எங்கும் பொய்க்காது. ஆகவே எட்டிப் பார்த்து எண்ணிவிட்டால், போக முடியுமா முடியாதா என்பது தாவும் முன்பே தெரிந்துவிடும். என் மதிப்பெண்கள் அனைத்தும், ஒரு நிலை இப்படி எண்ணிப் பார்க்க நமக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தவை. ஒபிலிஸ்க் ஆஃப் கமூன் நிலைக்கு 9. தி கிரேட் பிரமிட் நிலைக்கு 4, ஏனென்றால் சரிவுகளும் உருளும் பாறைகளும் நெருப்புக் குழம்பும் நம்மை எண்ணவிடாமல் விரட்டிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு முந்தைய அட்லாண்டிஸ் நிலையிலோ, நம் அசைவுகளையே எதிர்ப்பக்கத்தில் செய்துகாட்டும் போலி லாராவைச் சுட்டால் நமக்கே காயம் படுகிறது. அவளைக் குழியில் விழவைக்க எந்தச் சதுரத்தில் போய் நிற்க வேண்டும் என்று கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்த ஓர் அறைக்கே 10.

கல்கதவு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான் அன்று ஆடியது கணினியில்தான். எனவே நீலப்படிகம் அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்க்க, நேற்றிரவு சிஸ்டர்னை இரண்டே இரண்டு முறை சேமிப்பேன் என்ற கட்டுப்பாட்டோடு ஆடினேன். நீரை நிரப்பியபின் முதலை ஒன்று இருப்பதை மறந்து குதித்ததில் நாற்பது நிமிட உழைப்பு போயிற்று. 9 அப்படியே இருக்கட்டும், ஆனால் அதற்கான காரணம் மாறிவிட்டது: நீர்மட்டத்தை மாற்றுவது எனக்கு இப்போது புதிராக மட்டும் தெரியவில்லை, அச்சமாகவும் தெரிகிறது. லாஸ்ட் வேலியை 8 ஆக்கிவிட்டேன். அந்த நிம்மதியைப் பற்றிச் சொன்னது உண்மை.

வௌவால்குகை அவர்களே, மைடாஸுக்கு மட்டும் 8க்கு மேல் என்னால் தர இயலாது. தூண்களின் உச்சியில் நெருப்பு எரியும் அறையில், லீவரை இழுத்து நெருப்பு அணைந்திருக்கும் சில நொடிகளுக்குள் கடந்தாக வேண்டும் என்பது எட்டுச்சதுரம் அவர்கள் சொன்ன கணக்குக்கு நேர் எதிரானது. பொன்னாக்கும் கையைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. அந்தத் தூண்களில் மட்டும் பதினோரு முறை எரிந்திருக்கிறேன்.