மறு: டிரைமரன் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர் – செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். சிட்னியில் வெளிவரும் ஒரு தமிழ் மாத இதழுக்கு இங்கிருந்தே பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். இம்முறை கடைசிப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விற்பனை விளம்பரம் வந்திருக்கிறது, அதைத் தமிழாக்க வேண்டும். நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே தம் பாய்ப்படகை விற்கிறார். ஐந்தே வரிதான், ஆனால் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்: வேகம், மடக்கு, டிரைமரன் (மூன்று உடல் உள்ள படகு) ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. வேகம் படகுக்கா மடக்குவதற்கா என்பது தெரியவில்லை. நீளம் 27 அடி. விரித்தால் அகலம் 19 அடி, மடக்கினால் எட்டரை அடிக்குள் அடங்கும். நாட்கணக்கில் கடலில் தங்கப் படுக்கை, அடுப்பு, நன்னீர்த் தாங்கி எல்லாம் உண்டு.

டிரைமரன் என்றே போட்டால் விற்பவர் மறுக்க மாட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. அந்தச் சொல்லில் பாதி நம்முடையது அல்லவா? வெள்ளி மாலை பக்கம் அச்சுக்குப் போகிறது.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – செவ்வாய் மாலை

பிள்ளை, பாதி நம்முடையதுதான். ஆனால் பிழையாக வெட்டிய பாதி. சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் அச்சான தம் பயண நூலில் எழுதிவைத்தார். பிறகு ஐரோப்பியர் இரண்டு உடல் உள்ள படகுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1940களில் விக்டர் செச்செட் என்பவர் முன்பாதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூன்றைக் குறிக்கும் டிரையை மாட்டினார். கழன்று போனது எது? கட்டு! கட்டுமரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. கட்டை அவிழ்த்தால் மிஞ்சுவது விறகுக் கட்டை.

ஆகவே மரத்தை மறந்துவிட்டுப் புணைக்குப் போவோம். புறநானூற்றில் ஆற்று நீரோடு போகும் புணையை எல்லாரும் படித்திருப்பீர்கள். பிணைத்துச் செய்வதால் புணை. மூன்று என்பது உயிருக்கு முன் மூவுலகு, மூவேந்தர் என்று நிற்கும். மெய்க்கு முன் குறுகி, வரும் மெய் மிகும்: முக்கனி, முத்தமிழ், முப்பால். எனவே முப்புணை. முந்நீரில் ஓட முப்புணை, எவ்வளவு பொருத்தம் பாருங்கள். முந்நீர் என்பது ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது என்பார்கள். நிலத்துக்கு முந்திய நீர், முன்னீர் என்பாரும் உண்டு. இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் – செவ்வாய் இரவு

முக்கலம்?

நல்லூர் – செவ்வாய் இரவு

கலம் நெல்லுக்கும் அளவு, தம்பி. மூன்று கலம் நெல் விற்பனைக்கு என்று எண்ணி யாராவது சாக்கோடு வருவார்கள்.

வல்வெட்டித்துறை, படகு கட்டுபவர் – புதன் காலை

ஐயா கோபிக்கக் கூடாது. முப்புணை என்றால் என் மருமகன் யாரோ மூன்று பேர் நீதிமன்றத்தில் பிணை நிற்கிறார்கள் என்றுதான் நினைப்பான். கடலோடிகளிடம் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. முன்புறம் அணியம், பின்புறம் கடையார், அடியில் ஏரா. ஏராவை எண்ணுங்கள்: மூன்றேரா வள்ளம்.

இந்த வகைப் படகு நியூசிலாந்துக்காரர் இயன் ஃபாரியர் 1970களில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது உருவாக்கியது. பிரிஸ்பேனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒன்றை மடக்குவதை நின்று பார்த்தேன். நடுப்படகையும் அதன் இரு பக்கத்து மிதவைகளையும் இணைக்கப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கைகள்; ஒரு கைக்கு ஓர் ஆணி. ஆணிகளைக் கழற்றி மிதவையைத் தள்ளினார்கள். கைகள் கீழ்நோக்கி மடிந்தன. மிதவை ஒருக்களித்துப் படுத்து நடுப்படகோடு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த தேநீர் ஆறவில்லை, மற்றப் பக்கமும் முடிந்துவிட்டது. ஆகவே பிள்ளை, வேகம் இரண்டுக்கும் பொருந்தும். அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் நீர் போதும். நம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலிலும் விடலாம். ஆனால் மடக்கியபடியே நாட்கணக்கில் நீரில் கட்டிவைத்தால் மிதவையின் பக்கவாட்டில், பாசிக்கு மருந்துச் சாயம் பூசாத இடத்தில், பாசி பிடிக்கும். வாங்குகிறவர் முதலில் கைவைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். விற்பவர் அதை எழுதியிருக்க மாட்டார்.

சாவகச்சேரி, பௌதிக ஆசிரியர் – புதன் இரவு

வள்ளம் என்றால் சிட்னியில் பிறந்த பிள்ளைக்கு விளங்குமா? ஏராவைச் சொல்லவே வேண்டாம். மாணவனுக்கு ஒரே மூச்சில் பிடிபடும் சொல் வேண்டும்: மூவுடற் படகு. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளோடு வளர்ந்தவன் நான். இலங்கையின் பௌதிகவியலும் தமிழ்நாட்டின் இயற்பியலும் இன்றுவரை கடலின் இரு கரையிலும் முகம் திருப்பிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு நாளும் வகுப்பில் பார்க்கிறேன். இன்னொரு பிளவு வேண்டாம்.

மடக்குக்கும் எச்சரிக்கை. "மடியும் படகு" என்று எழுதிவிடாதீர்கள். மடிதல் சாதலும் ஆகும். விலைக்கு விடும் படகைப் பற்றி அப்படிச் சொல்வது நன்றாக இல்லை.

கொக்குவில் – வியாழன் காலை

சேர், உங்கள் சொல்லிலும் அதே சிக்கல். இங்கே பத்திரிகையில் "மூன்று உடல்கள்" என்று வந்தால் அடுத்த சொல் "மீட்பு". அந்த வரியைப் படித்துப் படித்தே வளர்ந்தவள் நான். என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை. "மும்மரம்" என்று நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். எழுத்துத் திருத்தி அதை "மும்முரம்" ஆக்கிவிட்டது. மும்முரம் விற்பனைக்கு!

மடக்குக் கத்தி, மடக்குக் கதிரை மாதிரி மடக்குப் படகு என்று வைக்கவா? ப் வருமா?

நல்லூர் – வியாழன் பகல்

வரும். மடக்கு பெயரானால் வன்றொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். வினையடியாகக் கொண்டு வினைத்தொகை என்றால் மிகாது: ஊறுகாய், சுடுசோறு. இரண்டில் எது என்று தீர்மானித்துக்கொண்டு எழுத வேண்டும். மடக்கு என்பது அணியிலக்கணத்திலும் உண்டு. வந்த சொல்லே வேறு பொருளில் திரும்பத் திரும்ப வருவது. இந்த மடல்களும் ஏறக்குறைய அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் மடக்கு அல்ல, ஒடுக்கு. பறவை சிறகை ஒடுக்குகிறது. சிறகொடுக்கு முப்புணை.

வல்வெட்டித்துறை – வியாழன் இரவு

சிறகை உடலோடு பின்னே ஒடுக்குவது டென்மார்க்கின் டிராகன்ஃபிளை படகுகள், ஐயா. அவற்றின் கைகள் கிடையாகப் பின்னோக்கித் திரும்பும். மிதவை நிமிர்ந்தபடியே இருக்கும். இது அப்படி இல்லை, கீழே மடங்குகிறது. மடக்கு என்பதே சரி. மற்றப்படி என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். எங்கள் ஆட்களே 1938இல் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் வேறு பெயர் வைத்துவிட்டார். விற்ற பிறகு பெயர் வாங்கியவன் கையில்.

இழுத்துச் செல்லும் ட்ரெய்லரும் விலைக்குள் சேர்த்தியா? ஐந்து நாளாக இதை யாரும் கேட்கவில்லை.

சென்னை – வெள்ளி காலை

இன்று நான்காவது நாள்தான் அண்ணா. "கடலுலா" என்ற சொல்லை யாருமே தொடவில்லையே, நெடும்பயணத்துக்கு அது நன்றாக இருக்காதா?

கொக்குவில் – வெள்ளி பகல்

உலா என்றால் ஐயா பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிரையும் படகில் ஏற்றிவிடுவார். எனக்கு நேரம் இல்லை. இப்படிப் போட்டுவிட்டேன்:

"விற்பனைக்கு: டிரைமரன். இரு பக்கமும் மிதவை உள்ள, மடக்கக்கூடிய 27 அடிப் பாய்ப்படகு. வேகமாக ஓடும், சில நிமிடங்களில் மடங்கும். கடலில் தங்கிப் பயணம் செய்யத் தேவையான வசதிகள் உண்டு. ட்ரெய்லர் சேர்த்தி. விலையைப் பேசி தீர்மானிக்கலாம்."

ட்ரெய்லர் விபரம் விற்பவரிடமே கேட்டு வாங்கியது, அண்ணா. சாவகச்சேரி சேரும் இந்த வடிவத்துக்கு ஒத்துக்கொண்டார். எல்லாருக்கும் நன்றி.

நல்லூர் – வெள்ளி, 4.10

பெரும்பான்மையோடு சண்டை பிடிக்கும் வயது எனக்கு இல்லை. ஆனால் முப்புணையை நான் மீளப் பெறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நீர் பற்றிய கட்டுரை ஞாயிறு வரும்.

"பேசித் தீர்மானிக்கலாம்." பிள்ளை, அச்சுக்குப் போகுமுன் அந்த த்-ஐப் போட்டுவிடு.